ஹவுழ் கட்டில் வெட்டிய குறி

கம்பனியிலிருந்து போன வாரம் ஒரு பிள்ளை அழைத்தாள். பெயர் ஷிபானா, இளம் பொறியியலாளர். நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவள், என் முகத்தைக்கூடக் கண்டதில்லை.

"அங்கிள், கம்பனி ஆண்டு மலர் ஒண்டு போடுறம். காலநிலை மாற்றத்துக்கு எங்கட மாதிரிப் பொறியியல் கம்பனிகள் என்ன செய்யலாம் எண்டதுதான் இந்த முறைத் தலைப்பு. நீங்க கடலோரத்துலயே முப்பது வருஷம் லெவல் பாத்த ஆளாமே. ரெண்டு பக்கம் எழுதித் தாங்களேன். வாசிக்கிற ஆக்களுக்குக் கொஞ்சம் நம்பிக்கை வாற மாதிரி இருந்தா நல்லம்."

"பார்ப்பம் மகள்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

நம்பிக்கை வருகிற மாதிரி எழுதுவதற்கு நான் சரியான ஆள் இல்லை. என் தொழில் உயரம் பார்ப்பது. இந்த இடம் கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கேட்டால் கருவி வைத்துப் பார்த்துச் சொல்லுவேன், அவ்வளவுதான். கம்பனிக் கூரையில் இப்போது சோலார் தகடு பூட்டியிருக்கிறார்களாம். கூட்டங்களில் பிளாஸ்டிக் போத்தல் வைப்பதில்லையாம். வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரும் ஒரே நிற டீ சேர்ட் போட்டுக்கொண்டு மரம் நடுகிறார்களாம். நல்ல காரியம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பொறியியல் கம்பனி செய்யக்கூடிய உதவி எது, உபத்திரவம் எது என்று என்னிடம் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது ஒரு பள்ளிவாசலின் ஹவுழ் கட்டுத்தான். தொழுகைக்கு முன் முகம் கை கால் கழுவுகிற தண்ணீர்த் தொட்டியை நாங்கள் ஹவுழ் என்போம். அதன் விளிம்புக் கல்லில் நான் உளியால் வெட்டிய ஒரு குறி இருக்கிறது. அதைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் காசிமிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. ஒன்பது வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம். நேற்றுப் போய்ச் சொல்லிவிட்டேன். அதனால்தான் இன்று எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. புத்தளத்தில் பள்ளிக்கூடம், பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் இரண்டு வருடம், பிறகு ஒரு நேர்முகப் பரீட்சை. தமிழும் சிங்களமும் கதைப்பேன், வெயிலுக்குப் பயமில்லை, அதனால் எடுத்தார்கள். தொழிலை எனக்குள் போட்டவர் சேவியர் சேர்.

சேவியர் சேர் சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எங்கள் மாவட்டத்து வேலைகளுக்குப் பொறுப்பான பொறியியலாளர். மெல்லிய ஆள், மெல்லிய குரல். ஏசவே மாட்டார். இதற்கு ஏசியே தொலைத்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றும் அளவுக்கு மெதுவாகக் கதைப்பார். அளவுப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முன்பக்கத்தைத் திறக்க மாட்டார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, பிளேட்டால் சீவிய சிவப்புப் பென்சிலை எடுத்து, பின்னிருந்து முன்னுக்கு ஒவ்வோர் எண்ணாகக் கூட்டிக் கழித்துக்கொண்டு போவார். முன்னிருந்து படித்தால் எழுதியவன் சொல்லுவதை மனசு நம்பிவிடுமாம்.

முதல் வருடம் எலுவன்குளத்தில் காட்டோரமாக ஒரு குளக்கட்டை அளந்துகொண்டு வந்தேன். ஓரிடத்தில் ஓர் எண்ணை அழிரப்பரால் அழித்துத் திருத்தியிருந்தேன். சேரின் பென்சில் அதில் வந்து நின்றது. தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல முந்தி என்ன இருந்திச்சு?"

"பிழையா எழுதிட்டன் சேர். சரியானதத்தான் பிறகு போட்டிருக்கன்."

"எது சரியெண்டு நான் எப்பிடிச் சொல்றது? பிழையெண்டா ஒரு கோடு கீறி வெட்டிட்டுப் பக்கத்துல எழுது. அழிக்காத. போய் அந்த எண்ணத் திரும்ப எடுத்துக்கொண்டு வா."

ஓர் எண்ணுக்காக மறுநாள் பஸ் ஏறி, பஸ் போகாத தூரத்துக்குச் சைக்கிள் இரவல் வாங்கி, யானை லத்தி கிடந்த பாதையால் போனேன். போய்ப் பார்த்தால் முதலில் எழுதியதுதான் சரி, திருத்தியதுதான் பிழை. சேர் சிரிக்கவும் இல்லை. "ம்" என்று சொல்லி ஒரு சின்ன டிக் போட்டார். அந்த டிக்குக்காக இருபது வருடத்துக்கு மேல் அவரோடு அலைந்தேன்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகளைத் தன் கையால் எழுதித்தான் எங்களிடம் தருவார். கருவியைச் சோதித்தாயா? தொடங்கிய குறிக்கே திரும்பி வந்தாயா? இரண்டாவது குறியைப் பார்த்தாயா? இந்த மூன்றாவது கேள்விதான் என்னைப் பிடித்தது. அதனால் அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும்.

உயரம் பார்ப்பதென்றால் ஏற்கெனவே உயரம் தெரிந்த ஒரு குறியில் தொடங்க வேண்டும். அந்தக் குறியின் மேல் ஒருவர் ஸ்டாஃபைப் பிடிப்பார். ஸ்டாஃப் என்பது அளவு கீறிய நாலு மீற்றர் கோல். நான் தள்ளி நின்று கருவியால் அந்த எண்ணை வாசிப்பேன். பிறகு அவர் முன்னுக்குப் போவார், நானும் போவேன். இப்படி மாறி மாறிப் போய், வேலை முடிந்ததும் தொடங்கிய குறிக்கே திரும்பி வந்து பார்த்தால் எண் ஒத்துவர வேண்டும். ஒத்துவந்தால் இடையில் பிழை விடவில்லை என்று அர்த்தம். ஆனால் தொடங்கிய குறியே பிழையாக இருந்தால்? அப்போதும் எண் அழகாக ஒத்துவரும். புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தாய் என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. அதனால்தான் வேறு ஆட்கள் வேறு காலத்தில் வைத்த இரண்டாவது குறி ஒன்றுக்கும் போய்ப் பார்க்க வேண்டும் என்பார் சேர்.

இனி வேலைக்கு வருகிறேன். கற்பிட்டிப் பக்கமாக, கடலோடு சேர்ந்த உப்பேரியான களப்பின் ஓரத்தில் ஒரு சின்னக் கிராமம். பெயர் வேண்டாம். மணல் நிலம், கீழே நல்ல தண்ணீர். சின்ன வெங்காயமும் கொச்சிக்காய் என்கிற மிளகாயும் அந்த மண்ணில் விளைகிற விளைச்சலைப் பார்த்தால் பொறாமை வரும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் களப்பு ஏறி, தாழ்ந்த பக்கத்துக் காணிகளை நனைக்கத் தொடங்கியிருந்தது. முந்தி இப்படி இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கடல் ஏறுகிறது என்பது எங்களுக்கும் தெரியும். உவர்நீர்த் தடுப்பணை ஒன்று, மண்ணால், கல் பதித்து. வரைந்து கட்டுவிக்கும் பொறுப்பு எங்கள் கம்பனிக்கு வந்தது.

சேவியர் சேர் அந்த வேலையைச் செய்த விதத்தைத்தான் ஷிபானா மகளும் அவளுடைய ஆட்களும் படிக்க வேண்டும். பணிப்பாளர் தை மாதமே வரைபடம் கேட்டார். சேர் கொடுக்கவில்லை. "தை மாசத்துல களப்பு நல்ல பிள்ளை. ஆடியில எப்பிடி எண்டு பாக்கணும்" என்றார். பிரதான வீதிப் பாலத்தடியில் அளவு கீறிய பலகை ஒன்றை நட்டு, ஒரு சோளகக் காலம் முழுக்கக் காலையும் மாலையும் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று எழுதுவித்தார். மீன்பிடிக்கிற ஆட்களிடம் போய் எந்த வருடம் எந்த மரம் வரைக்கும் தண்ணீர் வந்தது என்று கேட்டார். கரைச் சேற்றில் வேர் விட்ட கண்டல் மரங்கள் இருந்த இடத்தில் அணையை நேராகக் கொண்டுபோகாமல் வளைத்துப் பின்னுக்கு எடுத்தார். நீளம் கூடுகிறதே என்று பணிப்பாளர் முகத்தைச் சுளித்தபோது, "அலையை உடைக்கிற வேலையக் கண்டல் சும்மா செய்யுது சேர், அத வெட்டிட்டு நாங்க கல்லுப் போடுவமா?" என்றார். கடைசியில் அணையின் உயரத்தை இப்படி முடிவு செய்தார்: தண்ணீர் ஆகக் கூட ஏறிய மட்டம். அதற்கு மேல் அலைக்கு முப்பது சென்டிமீற்றர். அதற்கும் மேல், இனிமேல் ஏறப்போகிற கடலுக்கு இருபது சென்டிமீற்றர்.

"இந்த இருபதும் நமக்கில்ல றபீக். நாம மவுத்தான பிறகு இரிக்கிற ஆக்களுக்கு" என்று என்னிடம் சொன்னார். சாவுக்கு நாங்கள் சொல்லும் 'மவுத்து' என்ற சொல்லை எனக்காகவே வேண்டுமென்று சொல்லுவார்.

அந்த ஊரில் எனக்கு ஸ்டாஃப் பிடித்தவன் காசிம். என் வயதுதான். பத்து வருடத்துக்கு முன் அதே ஊர்ப் பாதையை அளந்தபோது நாள் கூலிக்கு வந்து, பிறகு இந்தப் பக்கத்து வேலைக்கெல்லாம் என்னோடு வந்தவன். மற்ற நாட்களில் தோட்டம் செய்வான். அவனுடைய ஒன்றரை ஏக்கர், அணை வரப்போகிற இடத்துக்கு நேர் பின்னால் இருந்தது. ஸ்டாஃபைப் பிடித்தால் கொக்கு நிற்பது போல நிற்பான். காற்றுக்கு ஆடாது. கோலை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துக் காட்ட வேண்டும், ஆகக் குறைந்த எண்தான் சரியானது என்று சேர் ஒருதரம் சொல்லிக் கொடுத்ததை வேதவாக்காக வைத்திருந்தான். "என்னய மாதிரி ஸ்டாஃப் பிடிக்கிற ஆள் கொழும்புலயும் இல்லயாம், சேர் சொன்னார்" என்று வீட்டில் போய்ச் சொல்லுவானாம். அவன் மனைவி றஹ்மத்து, "கோல் பிடிக்கிறதுக்கு இவ்வளவு பெருமையா?" என்று நக்கலடிப்பாளாம்.

அணைக்கு முளை அடித்து உயரம் குறிக்க நானும் காசிமும் போன நாள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி. உயரம் தெரிந்த குறி இரண்டு இருந்தன. ஒன்று பள்ளிவாசல் ஹவுழ் கட்டில். பத்து வருடத்துக்கு முன் பாதை வேலைக்காக நானே கருங்கல்லில் வெட்டிய சிலுவைக் குறி அது. ஒரு கை கொஞ்சம் கோணல், என் உளி வழுக்கியது. மற்றது பிரதான வீதி மதகில். தண்ணீர்ப் பலகையின் அளவெல்லாம் அந்த மதகிலிருந்துதான் எடுத்தது. மதகு ஏழு கிலோமீற்றர் தள்ளி. காற்றில் ஏழு கிலோமீற்றர் லெவல் கொண்டுபோவதென்றால் முழுதாக இரண்டு நாள்.

ஹவுழ் கட்டில் என் கோணல் குறி பச்சைப் பெயின்ட் பூசி, பளிச்சென்று இருந்தது. அதே கல், அதே குறி, அதே இடம். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. காசிம் ஸ்டாஃபை வைத்தான். வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"மச்சான், இந்தக் கட்டு முந்தி என்ட முழங்காலுக்கு வரும். சின்னதுல இதுலதானே கை கால் கழுவி வுழு எடுத்தன், பிறகு தோட்டத்துக் கிணத்துலயே எடுத்துட்டு வாறன். இப்ப என்ன கீழ கிடக்கு?"

"நாப்பத்தி மூணு வயசுல நீ வளர்றாய் போல" என்றேன். "றஹ்மத்து என்னத்தப் போட்டுச் சமைக்கிறா? எனக்கும் கொஞ்சம் அனுப்பச் சொல்லு."

அவனும் சிரித்துவிட்டான். நான் எண்ணை வாசித்தேன்.

அன்றே முளைகளை முடித்துவிட்டு ஹவுழ் கட்டுக்கே திரும்பி வந்தோம். மூன்று மில்லிமீற்றர்தான் வித்தியாசம். அவ்வளவு அழகாக ஒத்துவந்த நாள் என் வாழ்க்கையில் நாலோ ஐந்தோதான் இருக்கும். மதகுக்கு மறுநாள் போயிருக்க வேண்டும். வீட்டில் பெருநாள் வேலை, பிள்ளைகளுக்கு உடுப்பு எடுக்கவில்லை. மூன்று மில்லிமீற்றரில் முடிந்த பிறகு இரண்டு நாள் எதற்கு என்று நினைத்தேன். சேர் போனில் கேட்டார்.

"ரெண்டாவது குறி பாத்தாயா?"

"ஓம் சேர்."

வாயிலிருந்து அது தானாக வந்தது. பெருநாள் முடிந்து போய்ப் பார்த்துவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருநாள் முடிந்த கையோடு வண்ணாத்திவில்லுக்கு வேறு வேலைக்கு அனுப்பினார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்றாவது கேள்விக்கு எதிரில் எண் எதுவும் எழுதாமல் ஒரு டிக் மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

அணை கட்டி முடிந்தது. முடித்த பிறகு உயரம் சரியா என்று பார்த்தோம். எங்கிருந்து பார்த்தோம்? பக்கத்தில் இருக்கிறதே, ஹவுழ் கட்டு. எல்லாம் சரியாக வந்தது.

இரண்டு வருடம் நன்றாகப் போனது. காசிம் அணைக்கரை வரைக்கும் வெங்காயம் போட்டான். மூன்றாம் வருடம் சோளகத்தில் ஒரு நாள், முற்பகல் பத்து மணி போல, பெரிய காற்றோடு களப்பு ஏறியது. அணை உடையவில்லை. தண்ணீர் அதற்கு மேலால் போனது. மேலால் போன தண்ணீரின் உயரம் நாலு விரற்கடை, அவ்வளவுதான். நாலு மணித்தியாலம் போய்க்கொண்டே இருந்ததாம். உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் அணைக்குப் பின்னால் தேங்கி நின்று, மணலுக்குள் இறங்கி, கிணறுகளுக்குப் போனது. அடுத்த கிழமை இன்னொருதரம் வந்தது.

கம்பனி என்னையும் சேரையும் அனுப்பியது. ஸ்டாஃப் பிடிக்கக் கொழும்பிலிருந்தே ஓர் ஆளைத் தந்தார்கள். ஊர் ஆட்களைச் சேர்க்க வேண்டாம் என்பது பணிப்பாளரின் கட்டளை. போன உடனே காசிம் வீட்டுக்குக் கூப்பிட்டான். றஹ்மத்து பிளேன்டீ கொண்டுவந்தாள். ஒரு மிடறு குடித்தேன். சீனியை அள்ளிக் கொட்டியிருந்தாள், அதற்குள்ளும் உப்புத் தெரிந்தது.

"கிணத்துத் தண்ணி. இறைச்சு இறைச்சுப் பாத்தாச்சு, மாறுதில்ல" என்றான் காசிம். பயிர் வெந்து போய்க் கிடந்தது. அவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. என் முகத்தையும் சரியாகப் பார்க்கவில்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

இந்த முறை சேர் சொல்லாமலே நான் மதகிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் நாள் பின்னேரம் அணைக்கு வந்து சேர்ந்தோம். எண்ணைக் கழித்துப் பார்த்தேன். திரும்பக் கழித்தேன். பின்னிருந்து முன்னுக்குக் கழித்தேன். அணை இருக்க வேண்டிய உயரத்தைவிடப் பதினேழு சென்டிமீற்றர் கீழே இருந்தது. சாணுக்குக் கொஞ்சம் குறைவு. இருபது சென்டிமீற்றர் பிறகு வருகிற ஆட்களுக்கு என்று சேர் வைத்தாரே, அதில் பதினேழை முதல் நாளே நான் தின்றுவிட்டேன்.

பள்ளிவாசலுக்குப் போனேன். தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வயதான மோதினார் அங்கேதான் இருந்தார். ஹவுழ் கட்டில் எப்போதாவது வேலை செய்தீர்களா என்று கேட்டேன்.

"ஓம் மகன். வயசாளிகளுக்குக் கால தூக்கி வெச்சிக் கழுவக் கஷ்டம். கட்டு உசரமா இருந்திச்சே. அதான் ஒரு வரிசைக் கல்லக் கழட்டிட்டுக் கொஞ்சம் தாழப் பதிச்சிக் கட்டினம். அஞ்சாறு வருஷமாச்சு." பிறகு பெருமையாகச் சொன்னார்: "உங்கட குறி இரிக்கிற கல்ல வீசிப்போடாதீங்க, அது கவர்மென்ட் வேலக்கி வெச்சதெண்டு மேசன்ட நான்தான் சொன்னன். அதே கல்ல, அதே இடத்துலயே, குறி மேல பாக்கிற மாதிரித் திரும்ப வெச்சம். வருஷா வருஷம் றமழானுக்குப் பள்ளிக்குப் பெயின்ட் அடிக்கக்குள்ள அதுக்கும் கொஞ்சம் பூசிவிடுவன்."

நான் அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அந்த மனிதர் நம்பி ஒப்படைத்த ஓர் அமானிதத்தைப் பாதுகாப்பது போலத்தான் பாதுகாத்திருக்கிறார்.

சேர் வாகனத்தின் பொனட்டில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். பழைய அளவுப் புத்தகம் அவர் பையில் இருந்தது. எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தார்.

"ரெண்டாவது குறி பாத்தன் எண்டு சொன்னாய்."

"பொய் சேர்."

அவர் அந்த டிக்கின் மேல் குனிந்தார். காற்று தாளைத் திருப்பப் பார்த்தது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எண் இல்லாத டிக்க நான் பாத்தன் றபீக். உன்ட டிக்தானே எண்டு விட்டுட்டன். இருபது வருஷத்துல இதுதான் முதல் தரம்."

அதற்கு அவர் ஏசியிருக்கலாம். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

கொழும்புக்குப் போய் நடந்ததை அப்படியே இரண்டு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். தன் பிழையை முதலிலும் என் பிழையை இரண்டாவதாகவும் எழுதியிருந்தார். பணிப்பாளர் அதை வாசித்துவிட்டு மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். வெளியே போன அறிக்கை வேறு. காலநிலை மாற்றத்தின் விளைவாகக் கடல் மட்டம் எதிர்பார்த்ததைவிட உயர்ந்ததும், அசாதாரணக் காற்றுமே காரணம் என்று இருந்தது. அதில் சேர் கையெழுத்துப் போடவில்லை. வேறொருவர் போட்டார். இரண்டு மாதத்தில் சேர் வேலையை விட்டார்.

இதைத்தான் நான் ஷிபானா மகளுக்குச் சொல்ல வந்தேன். கடல் ஏறுவது பொய்யில்லை. முப்பது வருடம் பார்த்தவன் சொல்லுகிறேன், ஏறுகிறது. ஆனால் அன்றைக்கு அந்த அணைக்கு மேலால் தண்ணீரை விட்டது கடல் இல்லை, நான். கம்பனி கடலின் பின்னால் ஒளிந்துகொண்டது, நானும் கூடவே ஒளிந்துகொண்டேன். இப்படி ஒவ்வொரு கம்பனியும் தன் பிழையைக் கொண்டுபோய்க் கடலின் தலையில் போட்டால், கடல் உண்மையில் எவ்வளவு ஏறுகிறது என்று யாருக்குத் தெரியப்போகிறது? எந்த அணை ஏன் தோற்றது என்று தெரியாமல் அடுத்த அணையை எந்த உயரத்துக்குக் கட்டுவார்கள்? நீங்கள் மரம் நடுங்கள், சோலார் பூட்டுங்கள். பிழை விட்டால் பிழை என்று எழுதுங்கள். அதற்கு மேல் எனக்குப் புத்தி சொல்லத் தெரியாது, தகுதியும் இல்லை.

வேலையை விட்டுப் போகும் நாள் சேர் என்னைக் கூப்பிட்டார். "அறிக்கை என்ட பாடு. நான் எழுதிட்டன். காசிம் உன்ட பாடு. நீதான் சொல்லணும்" என்றார். ஓம் என்றேன். இந்த ஓமும் பொய்யாகிப்போனது.

மூன்று சோளகம் கழித்து 'காலநிலைத் தாக்குப்பிடிப்பு' என்ற பெயரில் அணையை உயர்த்த அனுமதி வந்தது. நாங்களே உயர்த்தினோம். அதற்குப் பெயர்ப் பலகையும் வைத்தோம். அதற்குள் ஒவ்வொரு சோளகத்துக்கும் உப்புத் தண்ணீர் வந்து கிணறுகள் முடிந்துவிட்டன. அந்த வேலைக்கு ஸ்டாஃப் பிடிக்கக் காசிமுக்கு ஆள் அனுப்பினேன். "எனக்குக் கை நடுங்குது, வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. கோபம் ஆறவில்லை என்று நினைத்தேன். அவன் தன் காணியை உப்புக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, அவரிடமே உப்புப் பாத்தியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். வெங்காயம் போட்ட இடத்தில் உப்பு வாரினான். றஹ்மத்து நாலு வருடத்துக்கு முன் மவுத்தானாள். ஜனாஸாவுக்குப் போனேன், கட்டிப்பிடித்தேன், ஒன்றும் சொல்லவில்லை. போன வருடம் சேவியர் சேரும் போய்விட்டார். அங்கும் போய் நின்றேன். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

நேற்று அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி அந்தப் பள்ளிக்குப் போனேன். காசிம் பாத்தியிலிருந்து வந்து வெளியே வாங்குப் பலகையில் இருந்தான். கால் விரலெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது. பக்கத்தில் இருந்து, பெருநாள், மதகு, டிக், போன், அறிக்கை என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். ஏசுவான் என்று காத்திருந்தேன்.

"அப்ப..." என்று தொடங்கி நிறுத்தினான். "அப்ப நான் ஸ்டாஃப சரியாத்தான் பிடிச்சனா?"

எனக்கு விளங்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"தண்ணி வந்த நேரம் நீ வேற ஆளக் கூட்டிக்கொண்டு வந்து அளந்தாயே. அண்டைக்கே விளங்கிட்டு, லெவல்லதான் பிழையெண்டு. முந்தி பிடிச்சது நான்தானே. அண்டைக்குக் காத்து. கை ஆடிட்டு போல, கோல் சரிஞ்சிட்டு போல எண்டு நெனச்சன். நீ என்னயக் காட்டிக் குடுக்காம இரிக்கிறாய் எண்டு உனக்கு எத்தின நாள் துஆ கேட்டிருக்கன் தெரியுமா?"

"காசிம்..."

"ஊருல இருபது கிணறு. ஒவ்வொருத்தன்ட முகத்தயும் பாத்துக்கொண்டு இந்தப் பள்ளிக்குத்தான் தொழ வாறன். றஹ்மத்து காணி போன கவலயிலயே போனா. நான்தான் செஞ்சன் எண்டு அவட்டக்கூடச் சொல்ல ஏலாம, கடைசி வரைக்கும் அவட முகத்த நிமிந்து பாக்கல்ல நான்."

நான் அழுதேன். அவன் அழவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், எந்தச் சொல்லை எடுத்தாலும் அது என்னை லேசாக்குவதற்குத்தான் என்று தோன்றியது. பாங்கு சொன்னார்கள். காசிம் எழும்பி உள்ளே நடந்தான். நான் பின்னால் போனேன்.

ஹவுழ் கட்டுக்குப் பக்கத்தில் என் குறி இருந்த இடத்தில் நின்றான். சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலைக் கல்லோடு ஒட்டி வைத்தான். கல் முழங்காலுக்குக் கிட்டத்தட்ட ஒரு சாண் கீழே நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ வருடப் பழக்கத்தில் முதல் தடவையாக எனக்கு 'நீங்க' போட்டுக் கதைத்தான்.

"பாத்துக்கொள்ளுங்க" என்றான். "நான் வளரல்ல."